சாடித் தோட்டத்துக்குக் கலவைப் பசளையா, கூட்டெருவா?

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் பன்னிரண்டு சாடிகளில் மிளகாயும் தக்காளியும் வளர்க்கிறேன். முதல் இரண்டு போகமும் நைதரசனுக்கு யூரியா, பொசுபரசுக்கு டிஎஸ்பி, பொட்டாசியத்துக்கு எம்ஓபி என்று மூன்றையும் கலந்து போட்டேன். இப்போது ஒன்றரை வருடமாகக் கூட்டெருதான். இலை வெளுத்தால் மட்டும் கொஞ்சம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன். பழைய வழிக்குத் திரும்பும் எண்ணம் இல்லை.

கலவை வேகமாக வேலை செய்யும், ஒரு கரண்டியோடு முடியும். கூட்டெருவை மூட்டையாக நாலு மாடி தூக்க வேண்டும். 2021இல் அரசு இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது வயல்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம், அதனால் இரசாயனமே கூடாது என்று நான் சொல்லவில்லை.

என்னை மாற்றியது மழை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாடியின் துளை வழியாக நைதரசனும் பொட்டாசியமும் கழுவுப்பட்டுப் போகின்றன. பொசுபரசு அவ்வளவு சுலபமாக நகராது. இலை வெளுத்தவுடன் நான் இன்னொரு கரண்டி கலவை போட்டேன். செடி கேட்டது நைதரசன். ஒவ்வொரு கரண்டியோடும் பொசுபரசும் சேர்ந்துகொண்டே போனது. அது மிஞ்சினால் செடிக்கு நாகம் (சிங்க்) என்ற சிறு சத்து கிடைப்பது குறையும்.

இந்த இழுபறியைக் கோதுமையில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். கோதுமை வேரோடு சேர்ந்து வாழும் ஒரு பூஞ்சணம், வேர் எட்டாத இடத்திலிருந்தும் நாகத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பொசுபரசு தாராளமாக இருந்தால் அந்தப் பூஞ்சணம் குறைந்துவிடும், அதோடு நாகமும் குறையும். துருக்கியின் மத்திய அனத்தோலியாவில் மண் சுண்ணாம்பு மிகுந்தது, நாகம் போதாது. நைதரசனும் பொசுபரசும் போட்டும் ஏறாத விளைச்சல், 1990களில் நாகம் சேர்த்த வயல்களில் ஏறியது. கந்தகம் இல்லாமல் நைதரசனை மட்டும் கூட்டினாலும் கோதுமையின் பசைப்புரதம் (குளூட்டன்) சரியாக அமையாது, மா இழுபடாது. ஒன்றின் குறையை மற்றொன்றைக் கூட்டிச் சரிக்கட்ட முடிவதில்லை.

என் மிளகாயில் குருத்திலைகள் சிறுத்து, நரம்புகளுக்கு நடுவே மஞ்சளித்தன. கீழ்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் பார்த்துவிட்டு, "தம்பி, டிஎஸ்பியை நிப்பாட்டுங்கோ. போட்டது இன்னும் ரெண்டு போகத்துக்குக் கிடக்கும்" என்றார். எம்ஓபியையும் குறைக்கச் சொன்னார். என் சாடிகளில் பாதி தும்புத்தூள். அதிலேயே பொட்டாசியம் இருக்கிறது. அதற்கு மேலும் போட்டால் மகனீசியம் உள்ளே போவது தடைப்படும்.

கூட்டெருவில் சிறு சத்துகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தே வருகின்றன. மாறிய பிறகு வந்த குருத்துகள் பச்சையாக விரிந்தன. மண்ணைப் பரிசோதிக்கவில்லை, எனவே காரணம் நாகம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பருவமும் மாறியிருந்தது. தக்காளி கலவை போட்ட போகத்தில் கொஞ்சம் முந்திக் காய்த்தது என்பதும் உண்மை. கூட்டெருவிலும் ஒரு கவனம் வேண்டும்: கோழி எரு கூடினால் அதுவும் பொசுபரசைக் குவிக்கும். நான் சருகும் சமையலறைக் கழிவும் சேர்த்த கூட்டெருவையே போடுகிறேன்.

இதெல்லாம் சாடிக் கணக்கு. நிலத்தில் நடுகிறவர்களுக்கு வேறு. ஹோமாகம பக்கத்துச் சிவப்பு மண்ணில் இரும்பே பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கே டிஎஸ்பி தேவைப்படலாம். நான் நிலத்தில் பயிர் வைத்ததில்லை.