வசனமா, அசைவா, பாத்திரமா? தொடக்கப்பள்ளி அறிவியலுக்கு ஏற்ற நாடகம் எது

தொடக்கப்பள்ளி அறிவியலை நாடகத்தின் வழியே கற்பிக்கலாம் என்று முடிவெடுத்த ஆசிரியருக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடுகிறது: எந்த நாடகம்? வசனம் எழுதி, மனப்பாடம் செய்யவைத்து, வேடமிட்டு மேடையேற்றுவது ஒரு வழி. வசனமே இல்லாமல் குழந்தைகளைத் துகளாகவும் ரத்தமாகவும் கோளாகவும் அசையவைப்பது இன்னொரு வழி. ஆசிரியரும் ஒரு பாத்திரமாகி, குழந்தைகளை ஆய்வாளர்களாகவே நடத்தி, ஒரு சிக்கலை அவர்கள் முன் வைப்பது மூன்றாவது வழி. மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால் மூன்றும் ஒரே பலனைத் தரும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. மூன்றையும் வகுப்பில் செய்து பார்த்த பிறகு நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: குழந்தை ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்தத் தவறு இந்த வடிவத்தில் என் கண்ணில் படுமா?

ரத்த ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். எழுதப்பட்ட நாடகத்தில் சிவப்புத் துணி போர்த்திய ஒரு குழந்தை முன்னால் வந்து, "நான்தான் ரத்தம், உடலெங்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறேன்" என்று கணீரென்று சொல்லும். வாக்கியம் சரியானதுதான், ஆனால் அது ஆசிரியர் எழுதிக் கொடுத்த வாக்கியம். ரத்தம் எந்த வழியே போகிறது என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. அதே பாடத்தை அசைவாக நடத்தும்போது தரையில் சாக்பீஸால் நான்கு அறைகள் கொண்ட இதயத்தை வரைந்து, ஒருபுறம் நுரையீரலையும் மறுபுறம் கால் தசையையும் குறித்துவிட்டு, குழந்தைகளை நடக்கச் சொல்கிறோம். நுரையீரலில் பளிச்சென்ற சிவப்பு அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். தசையில் அதைக் கொடுத்துவிட்டுக் கருஞ்சிவப்பு அட்டையோடு திரும்ப வேண்டும். (நீல அட்டையைத் தவிர்ப்பது நல்லது, ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தின் நிறமும் கருஞ்சிவப்புதான்.) என் வகுப்பில் முதல் சுற்றிலேயே பாதிப் பேர் நுரையீரலிலிருந்து நேராகக் காலுக்கு நடந்துவிட்டார்கள். ஒரு சிறுமியை வழிமறித்து, "உன்னை யாரும்மா தள்ளிவிட்டது?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள், வரைந்திருந்த இதயத்தைப் பார்த்தாள், "தள்ள ஆளே இல்லையே" என்று சொல்லிவிட்டு இதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்குத் திரும்பி நடந்தாள். ஒரு முழுச் சுற்றில் ரத்தம் இதயத்தை இரண்டு முறை கடக்கிறது என்பதை, நான் சொல்வதற்கு முன்பே அவள் நடந்தே கண்டுகொண்டாள். ரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் எழுதியபோது, இதயம் வெளியே தள்ளும் அளவைக் கணக்கிட்டு, அவ்வளவு ரத்தத்தை உடல் ஓயாமல் புதிதாக உண்டாக்க முடியாது, எனவே அது திரும்பி வந்தே தீர வேண்டும் என்று வாதிட்டார். நுரையீரலருகே நின்ற எல்லோரும் புறப்பட்டுப் போய், ஒருவரும் திரும்பாமல் அந்த இடம் காலியாகும்போது குழந்தைகளும் அதே வாதத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

திண்மம், திரவம், வாயு என்ற மூன்று நிலைகளுக்கும் அசைவுதான் பொருத்தமானது. ஆனால் இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். சூடேறுகிறது என்று சொன்னவுடன் குழந்தைகள் கைகளை அகல விரித்துத் தங்களைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். வெப்பத்தால் துகளே வீங்குகிறது என்று அவர்கள் நினைப்பது அந்தக் கைகளில் தெரிந்துவிடுகிறது. கைகளைக் கட்டிக்கொண்டு ஆடச் சொன்னால், ஆள் மாறாமல் அசைவின் வேகமும் இடைவெளியும் மட்டுமே கூடுவதை அவர்கள் உணர்கிறார்கள். இதைவிடப் பெரிய பிழை பெரும்பாலும் ஆசிரியருடையது. கொதிநிலையில் நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,700 மடங்காகிறது. அப்படியென்றால் துகள்களுக்கு இடையேயான தொலைவு எல்லாத் திசைகளிலும் சுமார் 12 மடங்காக வேண்டும் (12 × 12 × 12 ஏறக்குறைய 1,700). திரவமாக அரை மீட்டர் இடைவெளியில் நின்றவர்கள் வாயுவாக 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 30 பேருக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் இடம் தேவை. வகுப்பறைக்குள் 30 பேரும் இடித்துக்கொண்டு ஓடினால் அவர்கள் காட்டுவது சூடான திரவத்தைத்தான். மூன்று பேரை மட்டும் நடுவில் விட்டு, மற்றவர்களைச் சுவரோரம் நிறுத்தி, அந்த மூவருக்கும் இடையே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்கச் சொல்லலாம். "அந்த இடைவெளியில் காற்று இருக்குமா?" என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் பாடம் சரியான இடத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

இதே பாடத்துக்கு வசன நாடகத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். "எனக்குச் சூடாக இருக்கிறது, மேலே பறக்க ஆசையாக இருக்கிறது" என்று துகள் பேசத் தொடங்கிய கணத்திலேயே அதற்கு ஒரு மனம் முளைத்துவிடுகிறது. சிறு வயதில் பதிந்த அந்த ஆசைப்படும் துகளைப் பின்னாளில் அகற்றுவது எளிதல்ல.

மின்சுற்றில் போட்டி இரண்டு அசைவு மாதிரிகளுக்கு இடையே நடக்கிறது. முதலாவதில் குழந்தைகள் எலக்ட்ரான்களாக வட்டத்தில் நடக்கிறார்கள். மின்கலமாக நிற்பவரிடம் ஆளுக்கொரு பந்தை வாங்கி, பல்பாக நிற்பவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு மின்கலத்துக்குத் திரும்புகிறார்கள். மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோகிறது என்ற பரவலான தவறான எண்ணத்தை இது திருத்துகிறது, ஏனென்றால் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். ஆனால் முதல் ஆள் நடந்து வந்து சேரும்வரை பல்பு எரியாது என்ற புதிய தவற்றை இதுவே விதைக்கிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு பொதுவாக வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பி முழுவதும் அவை முன்பே நிறைந்திருந்து ஒருசேர நகரத் தொடங்குவதால்தான் விளக்கு உடனே எரிகிறது.

இரண்டாவது மாதிரிக்கு நீளமான, வழவழப்பான ஒரு கயிறு போதும். அதன் முனைகளை முடிந்து வளையமாக்கி, எல்லோரும் வட்டமாக நின்று தளர்வாகப் பிடித்துக்கொள்ள, மின்கலமாகிய ஆசிரியர் ஒரு கையால் கயிற்றை இழுத்து மறு கையால் விட்டுக்கொண்டே இருக்கிறார். கயிறு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நகர்கிறது. ஒரு குழந்தையை மட்டும் சற்று இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் அதன் உள்ளங்கை சூடாகிறது, அதுதான் பல்பு. அந்தச் சூட்டை உணர்ந்தவுடன் குழந்தைகள் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதும், அடுத்த முறை யார் பல்பாவது என்று போட்டியிடுவதும் நான் ஒவ்வோர் ஆண்டும் காணும் காட்சி. இதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டு வைக்க வேண்டும்: இரண்டு பல்புகளை வரிசையாக மாட்டினால் மின்கலத்துக்கு அருகில் உள்ளது அதிகம் எரியுமா? முதலில் இருப்பதற்கே அதிகம் கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். இரண்டாவது குழந்தையும் இறுக்கிப் பிடிக்கும்போது, அதற்குப் பின்னால் மட்டுமல்லாமல் வட்டம் முழுவதும் கயிறு வேகம் குறைகிறது. அவர்களுடைய விடையைக் கயிறே மறுத்துவிடுகிறது. எனவே நான் கயிற்றின் பக்கம். எந்த மாதிரியானாலும், உண்மையான மின்கலமும் பல்பும் கம்பியும் குழந்தைகளின் கைக்கு முதலில் வந்துவிட வேண்டும். பார்த்திராத ஒன்றுக்கு உடலால் மாதிரி செய்வதில் பயனில்லை.

மூன்றாவது வழியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் நாடகக் கல்வியாளர் டோரத்தி ஹீத்கோட் (1926–2011). குழந்தைகளை வல்லுநர் குழுவாகவே கருதி, அவர்களிடம் பொறுப்பான ஒரு பணியை ஒப்படைப்பதே அவரது முறை. ஒரு செயல்முறையைக் காட்டுவதைவிட, ஒரு சான்றை எடைபோடுவதற்கு இது ஏற்றது. 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ வியாழனருகே மூன்று ஒளிப்புள்ளிகளைக் கண்டார்: இரண்டு கிழக்கே, ஒன்று மேற்கே. மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன. 10ஆம் நாள் இரண்டு மட்டுமே தெரிந்தன, இரண்டும் கிழக்கே. 13ஆம் நாள் நான்காவது தென்பட்டது. இந்தக் கதையை வசன நாடகமாக்கும்போது அது பெரும்பாலும் 1633இல் திருச்சபை அவரை விசாரித்த காட்சிக்கு ஓடிவிடுகிறது. நல்லவர் ஒருவர், கெட்டவர்கள் சிலர், நீண்ட அங்கிகள், கைத்தட்டல். வியாழனின் நிலவுகள் ஒற்றை வரியில் முடிந்துபோகின்றன. மாறாக, ஒவ்வோர் இரவின் படத்தையும் ஒவ்வொன்றாகக் குழந்தைகளிடம் கொடுத்து, ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நம்ப மறுக்கும் அறிஞராகி, "அவை தொலைவில் உள்ள விண்மீன்கள், நகர்ந்தது வியாழன்தான்" என்று வாதிட்டால், வகுப்பே பதில் தேடத் தொடங்குகிறது. நகர்ந்தது வியாழன் மட்டும் என்றால் மூன்று புள்ளிகளுக்கு இடையேயான தொலைவு ஏன் மாறியது, ஒன்று எங்கே போனது என்று அவர்களே கேட்பார்கள். சொற்கள் போதாதபோது தானாகவே எழுந்து நின்று, ஒருவரை வியாழனாக்கிச் சுற்றிவருவார்கள். தொலைவில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கு அந்தச் சுற்று இடம், வலம், மறைவு என்று மட்டுமே தெரியும். பாத்திரமும் அசைவும் ஒன்றையொன்று தேடிக்கொள்ளும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

இந்த வழியின் பலவீனம் ஆசிரியரிடம் இருக்கிறது. அவர் சொல்வது பாத்திரத்தின் கூற்றா, பாடத்தின் கூற்றா என்ற குழப்பம் சிறு குழந்தைகளுக்கு எளிதில் வரும். துண்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "இப்போது பேசுவது உங்கள் ஆசிரியர்" என்று சொல்லும் பழக்கத்தை ஒரு நாளும் தவறவிடக்கூடாது.

அசைவு வெறும் மாதிரியாக இல்லாமல் பாடப்பொருளாகவே இருக்கும் அரிய இடமும் ஒன்று உண்டு. பூ இருக்கும் இடத்தை மற்றத் தேனீக்களுக்குச் சொல்லத் தேனீ ஆடும் ஆட்டத்தில், செங்குத்தான தேனடையின் மீது மேல்நோக்கிய திசையிலிருந்து அது சாய்ந்து ஓடும் கோணம் சூரியனிலிருந்து பூ இருக்கும் திசையையும், வாலை அசைத்து ஓடும் நேரம் தொலைவையும் சொல்கின்றன. இதைக் கண்டறிந்து விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு குழந்தை ஆட, மற்றவர்கள் ஒளித்து வைத்த பொருளைத் தேடிப் போகட்டும். ஆட்டம் பிழையென்றால் பொருள் கிடைக்காது.

நேரக் கணக்கில் அசைவுக்கு ஒரு பாடவேளை போதும். பாத்திரமேற்றலுக்கு இரண்டு மூன்று வேண்டும். மேடை நாடகம் வாரக்கணக்கில் விழுங்கும், அதிலும் நான்கு பேர் பேச மற்றவர்கள் மரமாக நிற்பார்கள். நடக்க இயலாத குழந்தைக்கு அசைவு வகுப்பில் இடம் இருக்குமா என்ற கவலை நியாயமானது. ரத்த ஓட்டத்தில் அப்படி ஒரு குழந்தையை இதய வால்வாக அமர்த்தினேன். போகிறவர்களை விட்டு, திரும்புகிறவர்களைத் தடுக்கும் அந்த வேலையில் கண நேரமும் கவனம் சிதறக் கூடாது. வகுப்பிலேயே கடினமான பாத்திரம் அதுதான்.

வசன நாடகத்தை முற்றாக ஒதுக்க நான் விரும்பவில்லை. கற்ற பிறகு குழந்தைகளே எழுதினால் அதற்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது, ஏனென்றால் அப்போது வசனத்தில் வரும் தவறும் சரியும் அவர்களுடையவை. தரையில் நடந்து முடித்த இரண்டு வாரங்களுக்குப் பிறகு என் வகுப்பு எழுதிய நாடகத்தில், மேடைக்கு நடுவே வால்வு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது. கருஞ்சிவப்பு அட்டையோடு வந்த ரத்தம் களைப்பாக இருக்கிறது, நுரையீரலுக்குக் குறுக்கு வழியில் போய்விடுகிறேன் என்று கெஞ்சியது. வால்வு கையை நீட்டி மறித்து, "முதலில் இதயத்தின் வலப்பக்கம் போ, அங்கேதான் உன்னைத் தள்ள ஆள் இருக்கிறது" என்றது.