கெல்டர்லாந்தின் இரண்டு துட்டுகள்

18ஆம் நூற்றாண்டில் கெல்டர்லாந்து டச்சுக் குடியரசின் ஒரு மாகாணம். ஆனாலும் அதன் செப்பு டொய்ட் காசு பழைய பெருமையை விடவில்லை. ஒரு பக்கம் ‘டி. கெல்ரியே’ என்று இலத்தீனில் இருக்கும்: டியூக் ஆண்ட கெல்ரே நாடு. மறுபக்கம் கேடயத்துக்குள் எதிரெதிராக இரு சிங்கங்கள். டச்சு நாணயக் கணக்கில் 8 டொய்ட் ஒரு ஸ்டைவர், 160 டொய்ட் ஒரு கில்டர்.

அதே மாகாணம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அடித்துக் கொடுத்ததும் டொய்ட்தான். சிங்கங்கள் அப்படியே, நாட்டின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் கம்பெனியின் பின்னல் எழுத்து முத்திரை. 1726இல் கம்பெனி இப்படித் தனிக்காசு கேட்டதற்குக் காரணம் கடத்தல். ஆசியாவில் டொய்ட்டுக்கு மதிப்பு கூடுதல் என்பதால், சாதாரணக் காசைக் கப்பலேற்றி லாபம் பார்த்தார்கள்.

அழகுக்கு முதல் காசு. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். கம்பெனிக் காசு இலங்கையில் கைமாறியது. நாம் இன்றும் சொல்லும் ‘துட்டு’ டொய்ட்டிலிருந்து வந்த சொல். வாங்குபவர்கள் கேடயத்தைப் பாருங்கள், எந்த மாகாணத்துக் காசு என்று அதுதான் சொல்லும்: ஹாலந்து, ஜீலாந்து மாகாணங்களும்கூடக் கம்பெனிக்குக் காசு அடித்திருக்கின்றன.