சென்னை மழையில் சைக்கிள்: ஆறு மழைக்காலமாகக் கால்களைப் பார்த்துக்கொண்ட கதை

மடிப்பாக்கத்திலிருந்து தரமணிக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு பக்கம் ஏழெட்டு கிலோமீட்டர் வரும். 2018 ஐப்பசியில் ஆரம்பித்தது. 2020-ல் வீட்டிலிருந்தே வேலை என்பதால் அந்த ஒரு மழைக்காலம் மட்டும் விட்டுப்போனது. 2024 கார்த்திகை வரை கணக்குப் போட்டால் ஆறு மழைக்காலம் ஓட்டியாகிவிட்டது. என்னைப் பார்த்து சைக்கிள் வாங்கியவர்கள் மழைக்கோட்டைப் பற்றி விசாரிப்பார்கள், பையை எப்படி மூடுவது என்று கேட்பார்கள். காலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் மழை தொடங்கி மூன்றாவது வாரத்தில் அவர்களில் பாதிப்பேர் சைக்கிளை நிறுத்திவிட்டதற்குக் கால்தான் காரணமாக இருந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வருடம் சாதாரண கேன்வாஸ் ஷூ, பருத்தி சாக்ஸ். கைவேலி தாண்டுவதற்குள் இரண்டும் தொப்பலாகிவிடும். அதோடு அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ஏசியில் உட்கார வேண்டும். சென்னையில் குளிராவது ஒன்றாவது என்று நினைப்போம். ஈர சாக்ஸோடு ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஈரம் காயக் காயக் காலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும். மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மெட்டியைக் கழற்றினேன். அடியில் தோல் வெள்ளை வெளேரென்று ஊறிப்போய், விரல் இடுக்கில் ஒரு கீறல் பிளந்திருந்தது. சேற்றுப்புண். அரிப்பும் எரிச்சலுமாக அந்த ராத்திரி தூங்கவே இல்லை.

அம்மாவுக்கு மன்னார்குடிப் பக்கம். சின்ன வயதில் நடவுக்குப் போனவர். என் காலைப் பார்த்துவிட்டு, "நாள் பூரா சேத்துல நின்னு நாத்து நட்டவங்கடி நாங்க. கால் நனையறது ஒண்ணும் பண்ணாது. ஈரத்தோட விட்டாத்தான் புண்ணு வரும். வீட்டுக்கு வந்தா இடுக்கு இடுக்கா தொடைச்சுட்டுத்தான் சோத்துக்கு உக்காருவோம்" என்றார். அரைத்த மருதாணியையும் தடவிவிட்டார். அது இதமாக இருந்தது, ஆனால் புண் ஆறியது டாக்டர் கொடுத்த பூஞ்சைக் களிம்பில்தான். தோல் சரியானதுபோல் தெரிந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை களிம்பை நிறுத்தாமல் போட வேண்டும். நான் முதல் தடவை பாதியில் நிறுத்தி, திரும்ப வரவழைத்துக்கொண்டேன்.

அம்மா சொன்னதன் அர்த்தம் எனக்கு முழுதாக உறைக்க மூன்று வருடம் ஆனது. அதுவரை தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதிலேயே காசைச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

சாக்ஸுக்கு மேல் கேரிபேக்கைச் சுற்றி ஷூ போட்டதுதான் முதல் முயற்சி. வெளித்தண்ணீர் வரவில்லை, வியர்வையே உள்ளே நின்று நனைத்துவிட்டது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததும் அந்தப் பையும் போனது, நானும் வருத்தப்படவில்லை. அடுத்து பாரிமுனையில் வாங்கிய கம்பூட். நடப்பதற்கு நல்லது, மிதிப்பதற்கு ஆகாது. கணுக்கால் மடங்காது, அடி வழவழப்பாக இருந்ததால் பெடலில் வழுக்கியது, கனமும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேல், காலில் வழிகிற தண்ணீர் மேல்வாய் வழியாக இறங்கி உள்ளேயே தேங்கும். வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு பூட்டைக் கவிழ்த்தபோது ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது.

2019 மழைக்கு ஷூவின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையை இணையத்தில் வாங்கினேன். மூன்று வாரம் உழைத்தது. சிக்னலில் ஒவ்வொரு தடவையும் தார்ச்சாலையில் கால் ஊன்றுகிறோம் இல்லையா, அடிப்பகுதி தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை விழுந்த உறை உறையே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர் கோர்டெக்ஸ் என்கிற, தண்ணீர் புகாத துணியில் செய்த ஷூ வைத்திருக்கிறார், மலையேற்றத்துக்கு வாங்கியது. அந்தத் துணி உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடும் என்பது உண்மைதான். ஆனால் வெளிக்காற்று உள்காற்றைவிட வறண்டிருந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். கார்த்திகை மாதத்துச் சென்னைக் காற்றில் வறட்சிக்கு எங்கே போவது? அவர் கால் உள்ளிருந்தே ஈரமாகிறது. குளிர்நாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் நியோபிரீன் என்கிற நுரை ரப்பர் உறையும் இங்கே அப்படித்தான். அது சூட்டைப் பிடித்துவைப்பதற்காகச் செய்தது, நமக்கு அந்தச் சூடு வேண்டாம்.

உண்மையில் உருப்படியாக ஒன்று நடந்தது 2021-ல். அந்த நவம்பர் முதல் வாரத்தில் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்த மழை நினைவிருக்கும். அதற்கு இரண்டு நாள் கழித்து செயின் மாற்ற மடிப்பாக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் என் பேன்ட்டில் முழங்காலுக்குக் கீழே மட்டும் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். "மேலேர்ந்து வர்ற தண்ணி கம்மிதாம்மா. முன்சக்கரம் தூக்கி அடிக்குது பாரு, அதுதான் உன் காலை நனைக்குது" என்றார். என் சைக்கிளில் மட்கார்டு இருந்தது, ஆனால் குட்டை. பெடலின் உயரத்துக்கு மேலேயே முடிந்துவிடும். அவர் ஒரு பழைய லாரி டியூபிலிருந்து கையகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு துண்டை வெட்டினார். கீழே அகலமாக, மேலே குறுகலாக, மாட்டின் நாக்குபோல் இருந்தது. மட்கார்டின் நுனியில் இரண்டு துளை போட்டு, வாஷர் வைத்து நட்டு போல்டால் முடுக்கினார். தரையிலிருந்து நாலு விரற்கடைக்கு மேலே தொங்கியது. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் தூறலில் தரமணி போய் இறங்கியபோது முழங்காலுக்குக் கீழே சேறே இல்லை, செருப்பு மட்டும்தான் நனைந்திருந்தது. தூறலுக்கும் மழை விட்ட பிறகு ஈரச் சாலையில் போவதற்கும் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நம் ஊரில் கொட்டுகிற மழை கொஞ்ச நேரம்தான், மீதிப்பொழுதெல்லாம் ஈரச் சாலையில்தான் ஓட்டுகிறோம். பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் நீள மட்கார்டும் ரப்பரும் கடையிலிருந்தே வந்தன. இப்போது விற்கிற கியர் சைக்கிள்களில் பலவற்றில் மட்கார்டே இருப்பதில்லை. வாங்கியவுடன் போட்டுவிடுங்கள், முன்பக்கம் கட்டாயம்.

அதே வருடம் ஷூவையும் விட்டேன். இப்போது மழைநாளில் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்புதான். பட்டை நைலான், தோல் கூடாது. தோல் ஊறினால் இரண்டு நாளானாலும் காயாது, நாறும். முன்பக்கம் விரலை மூடியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், நீருக்குள் கிடக்கும் கல்லில் இடித்துக்கொள்ள நேரும். அடியில் ஆழமான வெட்டு இருக்க வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். போகும் வழியெல்லாம் கால் நனையட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

கவனமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான். மேசைக்கடியில் ஒரு காய்ந்த ஷூ எப்போதும் இருக்கும். பையில் ஒரு சின்ன ஈரிழைத் துண்டு, இரண்டு ஜோடி சாக்ஸ். டர்க்கித் துண்டு வேண்டாம், விரலிடுக்கில் நுழையாது, காயவும் நேரமெடுக்கும். கழிவறையில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, துண்டின் ஓரத்தை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு இழுத்துத் துடைப்பேன். மெட்டியை மழை மாதங்களில் போடுவதில்லை. அம்மா முதலில் முகம் சுளித்தார், புண்ணை நினைவுபடுத்தியதும் ஒன்றும் சொல்லவில்லை. துடைத்த பிறகு பத்து நிமிடம் வெறுங்காலோடு இருந்துவிட்டுத்தான் சாக்ஸ். அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள்.

சாக்ஸ் விஷயத்தில் கொஞ்சம் செலவு செய்தேன், செய்ததில் நிறைவு. டெக்கத்லானில் மலையேறுகிறவர்களுக்கான மெரினோ கம்பளி கலந்த சாக்ஸ் இரண்டு ஜோடி, 2022-ல் வாங்கியது. அந்த விலைக்கு ரங்கநாதன் தெருவில் டஜன் கணக்கில் சாக்ஸ் வாங்கலாம். ஆனால் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உள்வாங்கினாலும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி கொஞ்சம் நனைந்தாலே ஒட்டிக்கொண்டு சில்லிடும். மூன்றாம் வருடத்தில் ஒரு ஜோடியின் குதிகால் மெலிந்திருக்கிறது, ஓட்டை இல்லை. வாஷிங் மெஷினில் போடாமல் கையால் அலசி நிழலில் காயப்போடுகிறேன். செருப்பைச் சாயங்காலம் வரை மேசைக்கடியில் செய்தித்தாள்மேல் கவிழ்த்து வைப்பேன். ஷூ நனைந்துவிட்டால் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறு தாள் வைக்க வேண்டும். ஊறிய தாளை ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் ஷூ காயாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் மழைக்கும் ஈரச் சாலைக்கும்தான், தேங்கிய வெள்ளத்துக்கு இல்லை. பெடல் கீழே இறங்கும்போது தரைக்கும் அதற்கும் அரைச் சாண் இடைவெளிதான். பெடல் தண்ணீரில் முங்க ஆரம்பித்தால் நான் இறங்கித் திரும்பிவிடுவேன். அடியில் வடிகால் மூடி திறந்து கிடந்தால் தெரியவே தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருந்தது. பால் வாங்க அதில் நடந்து போனேன், காலில் செருப்பு கடித்த காயம் இருந்தது. டாக்டர் முதலில் கேட்டதே காயத்தைப் பற்றித்தான். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காலில் சிராய்ப்பு இருக்கிற நாளில் இப்போது சைக்கிளைத் தொடுவதில்லை, பஸ்தான்.

மார்கழி வேறு கதை. மழை ஓய்ந்திருக்கும், விடியற்காலையில் 20, 21 டிகிரிக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரை மணிக்குக் கிளம்பி பெசன்ட் நகர் கடற்கரைவரை போய் வருவேன். வாசல் தெளித்து ஈரமாயிருக்கும் தெருவில் கோலங்களை ஒதுக்கி ஒதுக்கி ஓட்ட வேண்டும். செருப்போடு போனால் எதிர்க்காற்றில் விரல் நுனி சில்லிட்டு வலிக்கும். அதே கம்பளி சாக்ஸைச் செருப்புக்குள் போட்டுக்கொள்கிறேன். பனியில் லேசாக நனைந்தாலும் சூடு போவதில்லை.

லாரி டியூப் நாக்கு இன்னும் அதேதான். ஸ்டாண்ட் இடித்து ஒரு மூலை கிழிந்திருக்கிறது, போல்ட்டு துருப்பிடித்துவிட்டது. அடுத்த ஆடியிலேயே பெரியவர் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டும், ஐப்பசியில் அங்கே கூட்டம் தாங்காது.