'ஃபைபர் சிமெண்ட்' என்று சொல்லி ஆஸ்பெஸ்டாஸையே தலையில் கட்டிவிட்டார்கள்

மாடியில் ஷெட் போடப் போகிறவர்களும் பழைய ஷீட்டை மாற்றப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீடு திருச்சியில். மொட்டை மாடியில் அப்பா 1994-ல் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை. போன மழையில், ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டைச் சுற்றி விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. ஒப்பந்தக்காரரிடம் நான் முதலில் சொன்னதே, "அண்ணே, மறுபடி ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம்" என்றுதான். "அதெல்லாம் இப்ப யாரு சார் போடுறா? கலர் ஃபைபர் சிமெண்ட் ஷீட்டு போட்டுடலாம், விலைதான் கொஞ்சம் கூட" என்றார். 14 ஷீட்டுக்கு 9,000 ரூபாய் கூடுதல். ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதில் வேறு நார் கலந்த சிமெண்ட் ஷீட் என்று நினைத்து, சரி என்று தலையாட்டினேன். எதையும் எழுதி வாங்கவில்லை.

வேலை நடந்த அன்று மதியம் வந்து பார்த்தால், பழைய ஷீட்டைக் கழற்றி இறக்காமல் சுத்தியலால் அடித்து உடைத்து, துண்டுகளைப் பக்கத்துக் காலி மனையில் வீசிக்கொண்டிருந்தார்கள். புது ஷீட்டை கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி மூடி மேலும், அம்மா காயப்போட்டிருந்த மணத்தக்காளி வற்றல் மேலும் சாம்பல் நிறத்தில் தூசி. அதைத் துடைப்பத்தால் கூட்டி இன்னும் கிளப்பிவிட்டார்கள்.

ஷீட் முழுசாக இருக்கும்வரை ஆஸ்பெஸ்டாஸ் நார்கள் பெரும்பாலும் சிமெண்டுக்குள் பிடிபட்டுக் கிடக்கும். உடைத்தாலோ அறுத்தாலோ துளை போட்டாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். நுரையீரலுக்குள் போனால் பல அங்கேயே தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் தலைகாட்ட 20, 30 வருடம்கூட ஆகலாம். அன்று ஒரு மதியம் தூசி பட்ட எங்களுக்கு ஆபத்து குறைவு. தினமும் ஏதாவது ஒரு மாடியில் அறுக்கும் அந்தப் பையனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் எந்த வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்றுதான் சொல்கிறது. கைக்குட்டையெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

ஏமாந்தது தெரிந்தது இரண்டு நாள் கழித்து. விளக்கு மாட்ட ஏணியில் ஏறினேன். ஷீட்டின் அடிப்பக்கம், பெயிண்ட் படாத இடத்தில் ஐஎஸ்ஐ முத்திரை, பக்கத்தில் ஐஎஸ் 459 என்ற இந்தியத் தர எண். அந்த எண் நெளி ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுக்கு உரியது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஃபைபர் சிமெண்ட் ஷீட் என்றால் ஐஎஸ் 14871 என்று இருக்கும். கலர் அடித்ததால் ஷீட்டின் ஜாதி மாறிவிடாது. பில்லை எடுத்துப் பார்த்தேன், 'ரூஃபிங் ஷீட்' என்று மட்டும் போட்டிருந்தது. கெட்டிக்காரர்தான்.

போனில் கேட்டதற்கு, "தடை பண்ணின சாமானையா சார் வித்தேன்? கடைகடையா அடுக்கி வச்சிருக்கான்!" என்றார். கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்தியாவில் 1986-ல் ஆஸ்பெஸ்டாஸுக்குப் புதிய சுரங்கக் குத்தகை கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆனால் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் என்ற வகையை ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற இடங்களிலிருந்து இறக்கி ஷீட் செய்வதற்குத் தடை இல்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 வருடம், அல்லது ஓய்வு பெற்று 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. அது ஆலைக்காரர்களுக்கு. மாடியில் கிரைண்டர் பிடிக்கும் பையனுக்கு யார் பதிவேடு வைக்கப்போகிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே முழுத் தடை போட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் அதற்கும் முன்பே, 2003 முடிவோடு.

விற்றது குற்றமில்லை என்றே வைத்துக்கொள்வோம். வேண்டாம் என்று சொன்னதை வேறு பெயர் சொல்லி, கூடுதல் காசும் வாங்கிக் கொடுத்தது? அதற்குத்தான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. என்னிடம் இருப்பது முத்திரையின் போட்டோவும், 'ஃபைபர் சிமெண்ட்' என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு செய்தியும்தான்.

நீங்கள் செய்தால்: பில்லில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று எழுதச் சொல்லுங்கள். ஷீட் வண்டியிலிருந்து இறங்கும்போதே புரட்டி எண்ணைப் பாருங்கள், மேலே ஏற்றிய பிறகு இல்லை. பழையதைத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி கூடும், கூடட்டும். தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

காலி மனையில் கிடந்த துண்டுகளை நனைத்துப் பொறுக்கி, கெட்டியான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன். குப்பை வண்டிக்காரர் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. புதுக் கூரை மேலேதான் இருக்கிறது. விளக்கை மட்டும் ஷீட்டில் துளை போடாமல் பைப்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.