காக்கி புக்கிட் அங்கிள் கடையில் எங்கள் 1966 மஸ்டாங்: மூன்று மாதம் என்றார்கள், ஏழு மாதம் ஆனது

பழைய கார்களைச் சரிசெய்கிற இந்தச் சிங்கப்பூர்க் கடை அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் என்று சொல்லி ஏழு மாதம் வைத்திருந்தார்கள், பில்லும் சொன்ன தொகையில் நிற்கவில்லை. இருந்தாலும் அடுத்த வேலைக்கும் அங்கேதான் போகப்போகிறேன்.

வண்டி 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே. 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின், அதாவது 4.7 லிட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க இரண்டு பேரல் (இரண்டு காற்றுத்துளை) கார்புரேட்டர், ஆட்டோ கியர். ஆஸ்திரேலியாவில் யாரோ ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றி வைத்திருந்த வண்டியை நானும் மச்சானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம் (இரண்டு வீட்டிலும் அதற்காக வாங்கிய திட்டைத் தனியாக எழுதலாம்). 35 வயது தாண்டியதால், இங்கே பழைய வண்டிகளுக்கென்று இருக்கிற கிளாசிக் திட்டத்தில் ஓடுகிறது. ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம், மீதி 320 நாளும் மச்சான் வீட்டு வாசலில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். நல்ல நிழல் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மரம்தான் வில்லன் என்று பிறகுதான் தெரிந்தது.

பிரச்சினை இதுதான். டிசம்பர் மழைக்குப் பிறகு கதவைத் திறந்தாலே ஈரச் சாக்கு வாடை. காலடி கார்ப்பெட்டை அழுத்தினால் தண்ணீர் ஊறி வரும். முதலில் போன வேறொரு வொர்க்‌ஷாப்பில் கண்ணாடி ரப்பர்தான் காரணம் என்றார்கள். ரப்பரைச் சுற்றி சீலன்ட் அடித்து, தரையில் தார் ஷீட் ஒட்டி, மேலே புதுக் கார்ப்பெட் போட்டு 900 வெள்ளி (டாலர்) வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

அப்புறம்தான் இந்த அங்கிளிடம் போனோம். கடைப் பெயரைப் போடவில்லை, இருக்கிற வண்டிக்கே இடமில்லை, ஆள் அனுப்பாதே என்று அவரே கேட்டுக்கொண்டார். காக்கி புக்கிட்டில் சாய்தளம் ஏறிப் போகிற தொழிற்பேட்டைக் கட்டடங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றின் மேல் மாடி. வாசலில் எப்போதும் பானட் இல்லாத ஏதாவது ஒரு பழைய வண்டி நிற்கும், அதுதான் அடையாளம். அங்கிளுக்கு எழுபதை ஒட்டிய வயது இருக்கும். டிங்கரிங், வெல்டிங் எல்லாம் பார்ப்பது பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர்.

அங்கிள் பானட்டைத் திறக்கவே இல்லை. "ராத்திரி எங்கே நிறுத்துகிறாய்?" என்றுதான் கேட்டார். மரத்தடியில் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டே டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, காலுக்குக் காற்று வருகிற பெட்டியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கறுத்து, மக்கி, பிசுபிசுவென்று தூங்குமூஞ்சி இலை. காப்பித்தூள் சக்கை மாதிரி இருந்தது. அதில் துருச் செதில்கள் வேறு.

பழைய மஸ்டாங் வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே, பானட் முடிகிற இடத்தில் வரிவரியாகக் கீறல்கள் இருக்கும், அந்தப் பகுதிக்கு கவுல் என்று பெயர். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் பொந்து. வண்டிக்குள் வரும் வெளிக்காற்றும் மழைத்தண்ணீரும் ஒரே வழியாகத்தான் இறங்கும். கீழ்த் தகட்டில் காற்று ஓட்டைகளைச் சுற்றித் தொப்பி மாதிரி ஒரு விளிம்பைத் தூக்கிவிட்டிருப்பார்கள், தண்ணீர் அதைச் சுற்றி ஓடிப் பக்கவாட்டில் வெளியே போய்விட வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அந்தப் பொந்துக்குள் தொழிற்சாலையிலேயே பெயின்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. இலை விழுந்து அடைத்தால் ஈரம் அங்கேயே தங்கும், தொப்பியின் அடி அரித்துப்போகும், பிறகு ஒவ்வொரு மழையும் நேராக உங்கள் காலடிக்குத்தான். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்று இருக்கும். வாங்கப் போகிறவர்கள் என்ஜினைக் கேட்டு மயங்குவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை அந்தக் கீறல்களில் ஊற்றிப் பாருங்கள்.

எங்கள் முன்னாலேயே அந்தச் சோதனையைச் செய்தார்கள். தம்பி மல்லாந்து படுத்துத் தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து டார்ச் அடித்துக்கொண்டிருக்க, அங்கிள் மேலே ஹோஸைப் பிடித்தார். பத்து விநாடி இருக்கும். உள்ளேயிருந்து குரல்: "அண்ணே, இங்க நல்ல மழைண்ணே!" எழுந்து வரும்போது சட்டைக் காலர் நனைந்திருந்தது. 900 வெள்ளி சீலன்ட் அடித்திருந்த இடத்தில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஒழுக்கே கிடையாது!

வேலை சின்னது இல்லை. முன் கண்ணாடி, பானட், இரண்டு ஃபெண்டர், டாஷ் எல்லாம் கழற்ற வேண்டும். கவுலின் மேல் தகட்டைப் பிடித்திருப்பது ஸ்பாட் வெல்டுகள், அதாவது புள்ளி புள்ளியாக வைத்த பற்றுகள், நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றையும் தேடி, சாக்பீஸால் வட்டம் போட்டு, அடித் தகடு ஓட்டையாகாமல் மேல் தகட்டை மட்டும் துளைக்க வேண்டும். தம்பிக்கு அதற்கே நான்கு நாள் ஆனது. தரையில் தார் ஷீட்டை உரித்தபோது ஓட்டுநர் பக்கம் என் கை முழுசாக நுழைகிற ஓட்டை. பட்டி பார்த்து மூடிவிடலாமா என்று மச்சான் வாய்விட்டுக் கேட்டுவிட்டார், தம்பி பதிலே சொல்லாமல் கிரைண்டரை எடுத்தார்.

தகடெல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இதில் மஸ்டாங்காரர்களுக்கு அதிர்ஷ்டம்தான். 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்து, இரண்டே ஆண்டுக்குள் பத்து லட்சம் வண்டி ஓடிய கதை இது. 1966 மாடல் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல். அதனால் தரைத் தகடு, கவுல், கதவு எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், முழு பாடி ஷெல்லே கிடைக்கிறது. ஆனால் பெரிய தகடு கப்பலில்தான் வரும். ஏழு மாதத்தில் இரண்டரை மாதம் அதற்கே போனது, அதை அங்கிள் கணக்கில் எழுத மாட்டேன். மீதி இழுத்தடிப்பு அவருடையதுதான். போன் பண்ணினால் "ஸ்லோ ஸ்லோ லா, ஐம்பது வருஷத் துரு" என்பார்.

என் மனத்தை மாற்றியது ஒரு சனிக்கிழமை. மேல் தகட்டைத் திரும்ப வெல்ட் செய்து மூடுவதற்கு முன்னால், நீங்களே வந்து பார்த்தால்தான் மூடுவேன் என்று வரச்சொன்னார். உள்ளே சாம்பல் நிற எப்பாக்சி பிரைமர், மூட்டு ஒவ்வொன்றிலும் சீலர், புதுத் தொப்பிகள். ஹோஸை என் கையில் கொடுத்தார். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி வெளியே விழுந்தது, உள்ளே தரையில் விரித்திருந்த தமிழ் முரசு நாளிதழ் காய்ந்தபடியே கிடந்தது. மூடிவிட்டால் இனி யாரும் பார்க்க முடியாத இடம் அது.

கார்புரேட்டரையும் அவரே பிரித்துப் பார்த்தார். அது ஆட்டோலைட் 2100 மாடல், பக்கவாட்டில் வட்டத்துக்குள் 1.08 என்று காற்றுத்துளையின் அங்குல அளவை வார்த்திருக்கும். மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைத் தள்ளுகிற ஆக்சிலரேட்டர் பம்பின் சவ்வு (டயஃப்ரம்) அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருந்தது. அதை மாற்றியதும் சிக்னலில் மிதிக்கும்போது வந்த திக்கல் போய்விட்டது. மச்சானுக்கு நான்கு பேரல் கார்புரேட்டரும் கர்ஜிக்கிற புகைக்குழாயும் வேண்டுமாம். "விரைவுச்சாலையிலேயே 90தான், எங்கே போய் மிதிக்கப்போகிறாய்?" என்று அங்கிள் மறுத்துவிட்டார். பிரேக் விஷயத்தில் அவர் பேச்சு வேறு மாதிரி. 1966 வரை மஸ்டாங்கில், பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான், எங்காவது ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு அறை உள்ளதாக மாற்றச் சொல்கிறார், ஆனால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கி வந்தால்தான் தொடுவாராம். இன்னும் வாங்கவில்லை, சோம்பேறித்தனம் எங்களுடையது. ஈயமில்லாத பெட்ரோலால் வால்வ் சீட் (என்ஜினில் வால்வ் வந்து உட்காரும் விளிம்பு) தேயுமே என்று கேட்டேன். இங்கே 1998-லேயே ஈயப் பெட்ரோல் போய்விட்டது. ஆண்டுக்கு 45 நாள் ஓடுகிற வண்டிக்கு அந்தக் கவலை வேண்டாம், என்றைக்காவது என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்றார். சரியாகத்தான் பட்டது.

இனி குறை. முதலில் சொன்னது 4,200 வெள்ளி, கடைசி பில் 6,350, கப்பல் செலவு தனி. துரு வேலையில் ஏறும் என்று தெரியும், ஒவ்வொரு ஓட்டைக்கும் படம் அனுப்பிக் கேட்டுத்தான் செய்தார்கள். ஆனால் என்ஜின் அறைக்குக் கறுப்பு அடித்ததையும் என்ஜின் மேல்மூடியான வால்வ் கவருக்கு நீலம் அடித்ததையும் யாரும் கேட்கவில்லை, அதற்கு 380 வெள்ளி. கேட்டால், தங்க நிறக் கவர் 1965 வண்டிக்கு, 1966-க்கு நீலம்தான், தப்பை எப்படி அப்படியே விடுவது என்கிறார். அவர் சொல்வது சரிதான், அதற்காக என் பர்ஸில் கை வைப்பதா? எலக்ட்ரிக்கல் வேலையை அங்கே கொடுக்காதீர்கள். வண்டி திரும்பி வந்தபோது இடது இண்டிகேட்டர் போட்டால் ஹார்ன் அடித்தது. நோவீனா சிக்னலில் முன்னால் நின்ற டாக்சிக்காரர் இறங்கியே வந்துவிட்டார். கடைசியில் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம்தான் சரிசெய்தோம்.

வண்டி வந்த பிறகு நான்கு பெரிய மழை பார்த்தாகிவிட்டது, கார்ப்பெட் காய்ந்துதான் இருக்கிறது. கவுல் மேல் துணி உறை போடுகிறோம், மச்சான் தினமும் காலையில் இலை பொறுக்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் தீமா பழைய ஃபோர்டு தொழிற்சாலை வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். 1942-இல் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த அதே கட்டடம்தான். 1980 வரை அங்கே பாகங்களைப் பொருத்தி ஃபோர்டு வண்டிகளை உருவாக்கினார்கள். எங்கள் வண்டி அங்கே பிறந்ததில்லை, கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பிறந்தது, வண்டியின் அடையாள எண்ணில் இரண்டாவது எழுத்து ஆர், அது சான் ஹோசேயின் குறி. இருந்தாலும் அந்த வாசலில் நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கிறது.

டிங்கரிங் வேலைக்குப் போவதாக இருந்தால் பொங்கலுக்கு முன்னால் போய்விடுங்கள். தம்பி ஒன்றரை மாத லீவில் ஊருக்குப் போகிறார், அந்த நாள்களில் வெல்டிங் மெஷினை அங்கிளே எடுப்பார். அங்கிளுக்குக் கண் முன்போல இல்லை.