தாரா, குழாயா, வேனா: தோட்ட கேட்டைத் தாண்டுவது எது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பசார் (சந்தை) பக்கத்து ஒட்டுக்கடையில் சனிக்கிழமை காலை உட்கார்ந்தால், ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறுவதற்குள் மாநில பட்ஜெட்டையே பங்கு போட்டுவிடுவார்கள். போன வாரச் சண்டை இது: நம் ஊருக்கென்று ஒரு தொகை வந்தால் சாலைக்குப் போடுவதா, பழைய தண்ணீர்க் குழாயை மாற்றுவதா, தோட்டங்களுக்கு வேன் விடுவதா? ரொம்ப வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டிய அண்ணன் ஒருவர் சாலைக் கட்சி. நான் குழாய்க் கட்சி. வேனைப் பற்றிப் பேசியது ஓர் அக்கா மட்டும்தான். தோசை பார்சலுக்குக் காத்திருந்தவர்.

"ஆம்புலன்ஸ் என்ன, தண்ணிக் குழாயிலயா வரும் தம்பி?" என்றார் அண்ணன். மறுக்க முடியவில்லை. ஆனால் சாலைக் காசு எப்படி வருகிறது என்று பார்த்தால் அவர் கட்சி கொஞ்சம் ஆடும். நம் ஊர் நடுவே போகும் ஒன்றாம் எண் சாலை கூட்டரசுடையது, அதாவது மத்திய அரசுடையது. அதைக் கூட்டரசுப் பணத்தில் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். பார்த்துக்கொள்கிறது. மாநிலச் சாலைகளுக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவுப்படி கோலாலம்பூர் வருடாவருடம் மானியம் தருகிறது. ‘மாரிஸ்’ என்ற சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் அந்தப் பணம், கிலோமீட்டர் கணக்கில். அண்ணன் மனத்தில் இருக்கும் சாலையோ இந்த இரண்டும் இல்லை. செம்பனைக்கு நடுவே லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் செம்மண் சாலை அது. நிலம் கம்பெனியுடையது, பதிவேட்டில் அதற்கு இடமில்லை. ஆக, ‘சாலைக்குப் பணம்’ என்று அறிவிப்பு வந்தால் ஏற்கெனவே தார் போட்ட சாலைமேல் இன்னொரு பூச்சு விழும். தோட்ட கேட்டோடு தார் நின்றுவிடும்.

என் கட்சிக்கு வருகிறேன். நாட்டில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டணக் கணக்கில் சேராமலே போகிறது. பெர்லிஸ் மாநிலத்தில் அது பாதிக்கும் மேல். இதில் திருட்டும் பழுதான மீட்டரும் உண்டு என்றாலும், பெரும்பங்கு கசிவு. அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்கள் வயதாக ஆக நொறுங்கும் சாதி. ஊர் தூங்கி, பைப்புகள் மூடியிருக்கும் ராத்திரியில் அழுத்தம் ஏறும், விரிசல் பெரிதாகும். பகலில் மேலே குலை லோரி ஓடி மிச்சத்தை முடித்து வைக்கும். (இதைச் சொன்னதும் அண்ணன் முறைத்தார்.) புதிய சுத்திகரிப்பு ஆலை கட்டி, ரிப்பன் வெட்டி, அந்த நீரையும் ஓட்டைக் குழாயில் விடுவதைவிட, குழாயை மாற்றுவது எவ்வளவோ மேல். மாற்றிய குழாய் மண்ணுக்கடியில் கிடக்கும், அதன்முன் நின்று யாரும் படம் எடுக்க முடியாது என்பதுதான் அதன் துரதிர்ஷ்டம்.

தண்ணீர் முன்பு மாநிலத்தின் பட்டியலில் இருந்தது. 2005இல் சட்டத்தைத் திருத்தி, தீபகற்பத்தில் கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து பார்க்கும் விஷயமாக்கினார்கள். மறு ஆண்டே தண்ணீர்ச் சொத்துகளுக்காக ‘பாப்’ என்ற கூட்டரசு நிறுவனம் வந்தது. அது கடன் வாங்கிக் குழாயும் ஆலையும் போட்டு, மாநில நீர் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடும். குத்தகைப் பணம் நம் பில்லிலிருந்துதான் போக வேண்டும். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் ஏறியபோது இதே கடையில் நடந்த கூச்சல் எனக்கு மறக்கவில்லை. சாலை இலவசம்போல் தெரியும், குழாய்க்கு மாதாமாதம் பில் வரும். ஓட்டுக் கேட்பவர்களுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாலை, குழாய் இரண்டையுமே செய்வதாக இருந்தால் வரிசை முக்கியம். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பளபளவென்று தார் போட்ட சில வாரத்தில் குழாய்க்காகத் தோண்டினார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் இன்றைக்கும் மோட்டார் சைக்கிள் குதிக்கிறது.

இவ்வளவு பேசிய பிறகுதான் தோசை அக்கா கேட்டார்: "நீங்க மாத்துற குழாய் எங்க தோட்டத்துக்குள்ள வருமா?" திகைத்துவிட்டேன். தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீர் தருவது நிர்வாகத்தின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம். அதனால் கேட்டுக்கு உள்ளே இருக்கும் குழாய் நிர்வாகத்தின் பாடு. என் கட்சியும் கேட்டோடு நின்றுவிடுகிறது!

வேன் அப்படி நிற்காது. குண்டும் குழியுமான செம்மண்ணிலும் ஆடி ஆடி லயத்து வாசல்வரை போகும். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கைப்பேசியில் அழைத்தால் வரும் வேன் ஏற்கெனவே ஓடுகிறது. இங்கே வயதானவர்களுக்கு ஆப் ஒத்துவராது, குறித்த நேரத்தில் நாளைக்கு நாலு தடவை வந்தாலே போதும். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார்வரை 329 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,250 கோடி வெள்ளி (ரிங்கிட்) செலவில் இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். 2015 முதல் இ.டி.எஸ். மின்ரயில் ஓடுகிறது, நம் ஸ்டேஷனிலும் நிற்கிறது. அந்த ஸ்டேஷனுக்கு வர அக்கா பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டாரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

வேனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. தார் ஒரு தடவைச் செலவு. அரசு கடன் வாங்குவதும் மேம்பாட்டுச் செலவுக்குத்தான். டிரைவர் சம்பளமும் டீசலும் நடப்புச் செலவு, வருடாவருடம் கைநீட்ட வேண்டும். ஒரு பட்ஜெட்டில் விட்டுப்போனால் வேன் கொட்டகையில் நிற்கும். அப்படியும் இப்போது என் வரிசை வேன், குழாய், தார் என்றுதான் இருக்கிறது. மூன்றில் தொகை சிறியதும் வேனுக்குத்தான்.

அண்ணன் கட்சி மாறவில்லை. கிளம்பும்போது மட்டும் அக்காவிடம் கேட்டார்: "ஞாயித்துக்கிழமையும் ஓடுமாம்மா, உங்க வேனு?"