வீட்டுச் சமையலுக்கான பாத்திரங்கள்: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

புதுப் பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் பளபளப்பைப் பார்க்கிறார்கள். நான் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் அடியைப் பார்ப்பேன். பல ஆண்டுகளாக நாள்தோறும் அடுப்பில் ஏற்றி இறக்கிய பாத்திரங்களில் எவை நிலைத்தன, எவை வெளியேறின என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: அடியில் இருக்கும் உலோகமும் அதன் கனமும் சரியாக இருந்தவைதான் இன்றும் கையில் இருக்கின்றன.

எவர்சில்வர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. துருப்பிடிக்காது, புளிப்போடு சேர்ந்து சுவையைக் கெடுக்காது, எப்படித் தேய்த்தாலும் தாங்கும். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அது மிகவும் பின்தங்கிய உலோகம். அலுமினியம் அதைவிடச் சுமார் 15 மடங்கும், செம்பு சுமார் 25 மடங்கும் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய ஒற்றைத் தகட்டு எவர்சில்வரில் பால் அடிப்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். தீ படும் இடத்தில் சூடு தேங்கி நிற்கிறது, பக்கத்துக்குப் பரவுவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. காய்ந்த வாணலியில் மாவை மெல்லிய படலமாகத் தூவி, நடுத்தரத் தீயில் வையுங்கள். மெல்லிய பாத்திரத்தில் பர்னரின் வட்டம் அப்படியே பழுப்பு வளையமாகத் தெரியும். நடுவில் மாவு வெள்ளையாகவே இருக்கும்போதே வளையம் கருகத் தொடங்கிவிடும். நல்ல அடி உள்ள பாத்திரத்தில் நிறம் மெதுவாக, ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றாக மாறும். என்னிடம் உள்ள வாணலிகள் அனைத்தையும் இப்படிப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த ஒன்று இதில் மோசமாக இருந்தது, பெயர் தெரியாத ஒன்று அருமையாக இருந்தது.

எவர்சில்வரின் இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ட்ரைப்ளை. உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே இண்டக்ஷன் அடுப்புக்கு ஏற்ற காந்தத் தன்மையுள்ள எவர்சில்வர் என மூன்று அடுக்குகள். இதில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் அடியில் மட்டும் அலுமினிய வட்டு ஒட்டப்பட்டிருக்கும். மற்றொன்றில் மூன்று அடுக்கும் விளிம்பு வரை செல்லும். வட்டு அடி, தண்ணீர் கொதிக்க வைக்கவும் நிறையத் திரவத்தோடு வேகவைக்கவும் போதுமானது. என் பெரிய பானை அந்த வகைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கெட்டியான குழம்பு வகையைக் கிளறும் பாத்திரத்துக்கு அது சரிப்படாது. தீ வட்டைத் தாண்டி எழும்பினால், வட்டுக்குச் சற்று மேலே மெல்லிய பக்கச்சுவரில் ஒரு கருகல் வளையம் உருவாகும். அதைத் தேய்த்து எடுப்பது பெரும் பாடு. விளிம்பு வரை அடுக்கு உள்ள பாத்திரத்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

எவர்சில்வரில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்பவர்களுக்கு: வெறும் வாணலியை நடுத்தரத் தீயில் சூடாக்கி ஒரு துளி தண்ணீர் விடுங்கள். துளி சிதறிச் சீறி மறைந்தால் சூடு போதாது. உடையாமல் பாதரசம் போல உருண்டு ஓடினால் வாணலி கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது. துளிக்கு அடியில் உண்டாகும் நீராவிப் படலம் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் விவரித்த நிகழ்வு இது. அந்தக் கட்டத்தில் தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அது நெளிந்து பளபளக்கும்போது முட்டையையோ மீனையோ இடுங்கள். முதலில் ஒட்டத்தான் செய்யும். அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும். அதற்கு முன் கரண்டியால் சுரண்டினால் தோல் வாணலியோடு போய்விடும்.

நாளடைவில் எவர்சில்வரில் நீலமும் மஞ்சளுமாக வானவில் நிறங்கள் தோன்றும். அதிகச் சூட்டில் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் தடிமனாவதால் வருபவை அவை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பால் வெள்ளைத் திட்டுகள் படியும். இரண்டுக்கும் சிறிது வினிகர் போதும், இரண்டாலும் கெடுதல் இல்லை. சரிசெய்ய முடியாத சேதம் வேறொன்று இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கொட்டினால் அது கரையாமல் அடியில் தங்கி, குண்டூசி முனை அளவில் குழிகளை அரித்துவிடும். தண்ணீர் கொதித்த பிறகு உப்பிட்டுக் கிளறுவதே நல்லது.

அடியில் பொறித்திருக்கும் எண்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். 18/8 என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 304 என்பதும் ஏறக்குறைய இதுதான். உணவு படும் உட்புறம் இந்தத் தரத்தில் இருந்தால் கவலை வேண்டாம். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்பிவிடக் கூடாது. நிக்கல் குறைந்த, உப்பை அவ்வளவாகத் தாங்காத 201 தரமும் காந்தத்தில் ஒட்டாது.

அடுத்து இரும்பு. என் சமையலறையில் எனக்கு மிகவும் பிரியமானது வார்ப்பிரும்பு வாணலிதான். ஆனால் அதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. இரும்பு சீராகச் சூடாகும் என்கிறார்கள். உண்மையில் அது அலுமினியத்தை விட மிக மெதுவாகத்தான் வெப்பத்தைப் பரப்பும். அதன் பலம் வேறு: கனத்தால் நிறைய வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த இறைச்சித் துண்டைப் போட்டாலும் சூடு சட்டென்று இறங்காது. அதனால் சிறு தீயில் பத்து நிமிடமாவது காயவிட்டுத்தான் சமைக்கத் தொடங்க வேண்டும்.

பழக்குவதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். சூட்டில் எண்ணெய் மாற்றமடைந்து இரும்பின் மேல் கெட்டியான படலமாக இறுகுவதே பழக்குதல். இதில் எண்ணெயின் அளவே முக்கியம். எண்ணெயைத் தடவிய பின், தடவியதே தெரியாத அளவுக்கு உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, புகை வந்து அடங்கும் வரை சூடாக்க வேண்டும். தடிமனாகத் தடவினால் பிசுபிசுப்பான திட்டுகள்தான் மிஞ்சும். ஒரே நாளில் கறுப்புக் கண்ணாடி போல ஆகிவிடாது. எண்ணெய் விட்டு வதக்கிக்கொண்டே இருந்தால் சில மாதங்களில் முட்டைகூட ஒட்டாமல் வழுக்கும். பாத்திரம் கழுவும் மிதமான சோப்பு இந்தப் படலத்தை எடுத்துவிடாது. ஈரம்தான் அதற்கு எதிரி. கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும். தக்காளி போன்ற புளிப்பானவற்றை இதில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் படலம் கரையும், உணவில் இரும்புச் சுவை ஏறும்.

வார்ப்பிரும்பின் பாரம் எல்லோருக்கும் ஒத்துவராது. கீழே விழுந்தால் உடையவும் உடையும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குத் தகட்டு இரும்பு வாணலியையே பரிந்துரைப்பேன். அதே பழக்கும் முறைதான், ஆனால் எடை குறைவு, சீக்கிரம் சூடாகும், விழுந்தாலும் நெளியுமே தவிர உடையாது.

நான்ஸ்டிக்கைத் தேய்ந்து தீரும் பொருளாகவே நினைத்து வாங்க வேண்டும். அதன் பூச்சான பிடிஎஃப்இ 1938-இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் கண்டறிந்தது. சுமார் 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும். வெறும் வாணலி பெருந்தீயில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். அளவு மீறிச் சூடேறினால் எழும் புகை மனிதருக்கும் நல்லதல்ல, கூண்டில் வளர்க்கும் பறவைகளைக் கொன்றே விடும். முட்டைக்கென்று சிறியதாக ஒன்று போதும், மிதமான தீ, மரக் கரண்டி. பூச்சு உரிய ஆரம்பித்தால் தயங்காமல் கழித்துவிடுங்கள். பிஎஃப்ஓஏ இல்லை என்ற முத்திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது தயாரிப்பில் பயன்பட்டு வந்த வேறொரு வேதிப்பொருள். முத்திரை இருந்தாலும் பூச்சு அதே பிடிஎஃப்இயாக இருக்கலாம். செராமிக் பூச்சு அதிகச் சூட்டைத் தாங்குகிறது, ஆனால் வழுவழுப்பை அதைவிட விரைவில் இழந்துவிடுகிறது.

பூச்சில்லாத அலுமினியம் புளிப்புக்கும் உப்புக்கும் ஆகாது. கடின ஆனோடைஸ் செய்ததாக, அதாவது மேற்பரப்பில் கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றியதாக இருந்தால் பரவாயில்லை. செம்பு அற்புதமானது, ஆனால் உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், பூச்சு தேயும்போது மீண்டும் பூச வேண்டும். அன்றாடச் சமையலுக்கு அந்தப் பராமரிப்பு அதிகம்.

கைப்பிடியைப் பலர் கவனிப்பதே இல்லை. திருகாணிப் பிடி தளரும், மறுபடி இறுக்கலாம். பற்றவைத்த பிடி சுத்தம் செய்ய எளிது, ஆனால் பற்றவைப்பு மோசமாக இருந்தால் ஒருநாள் கையோடு வந்துவிடும், அதுவும் சூடான பாத்திரம் நிறைந்திருக்கும்போது. நான் ரிவெட் அடித்த பிடியைத்தான் நம்புகிறேன். உள்ளே ரிவெட்டைச் சுற்றி அழுக்கு சேரும், பழைய பல்துலக்கி ஒன்றால் தேய்த்தால் போகும். வாங்கும்போது வெறும் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பது போதாது. மூன்று லிட்டர் பாத்திரம் நிறைந்தால் அதன் எடையோடு இன்னும் மூன்று கிலோ கூடும். அந்தப் பாரத்தை மணிக்கட்டு தாங்குமா, மறுபக்கம் பிடிக்க ஒரு துணைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள்.

தொகுப்பாக விற்கும் பத்துப் பன்னிரண்டு உருப்படிகளை வாங்க வேண்டாம் என்பதே என் திடமான கருத்து. அவற்றில் பாதி அலமாரியில்தான் கிடக்கும். அந்தப் பணத்துக்கு விளிம்பு வரை அடுக்குள்ள ட்ரைப்ளை ஒன்று, இரும்பு வாணலி ஒன்று, வட்டு அடி உள்ள பெரிய பானை ஒன்று என்று தனித்தனியாக நல்லவையாக எடுக்கலாம். எடுக்கும்போது நேரான அளவுகோல் ஒன்றை அடியின் வெளிப்புறத்தில் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் முடி இழை அளவுக்கு உட்குழிவு இருந்தால் பரவாயில்லை, சூட்டில் உலோகம் விரியும்போது சமமாகிவிடும். நடுப்பகுதி வெளியே புடைத்திருந்தால் அந்தப் பாத்திரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். தட்டையான கண்ணாடி அடுப்பில் அது ஆடிக்கொண்டே இருக்கும், உள்ளே எண்ணெய் எல்லாம் நடுவுக்கு ஓடிவிடும்.